பத்தாவது போத்தல்

மலாயாவில் கூலாய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு ஸ்கூடாய் ஊரை நோக்கி நடக்கிறேன். தோளில் துணிமூட்டை, கால் முழுக்கச் செம்மண். அது நினைவில்தான்; உண்மையில் நேற்று நான் இருந்தது ஊசி போடும் அறையில். தாதி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கையில் தேய்த்தாள். அந்த வாசம் என்னை இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பழைய ரோட்டில் விட்டுவிட்டது. கோபமும் கூடவே வந்தது. இத்தனை வருடமாகியும் ஆறவில்லை, பாருங்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பல தோட்டங்கள் மாறி, அந்தக் கூலாய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். புண் கழுவுவதற்கு ஸ்பிரிட்டில் சரிபாதி தண்ணீர் சேர்க்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் ஜாடி நிறையும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டே போவாராம். அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாகப் புதிதாக வந்த டிரெஸ்ஸர் ஒழுங்குக்காரர். ஐந்து போத்தல் ஸ்பிரிட், ஐந்து போத்தல் தண்ணீர், அலமாரியில் பத்து போத்தல் நிற்க வேண்டும் என்றார். சொட்டுச் சிந்தாமல் அளந்து ஊற்றினேன். கலந்ததும் ஜாடி காய்ச்சல் கண்ட நெற்றிபோல் சுட்டது. ஆறவைத்து நிரப்பினால், பத்தாவது போத்தலில் மூன்றில் ஒரு பங்கு காலி.

"வாயை ஊது" என்றார் டிரெஸ்ஸர், நோயாளிகள் வரிசையில் நிற்கும்போதே. ஊதினேன். வெற்றிலை வாசம்தான் வந்திருக்கும்.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ராக்கம்மா, "வாசமே வராம குடிக்க எங்கண்ணே கத்துக்கிட்டீங்க? எங்க வூட்டுக்காரருக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள்.

கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன் என்று சொன்னால் பொய். ஆனால் ஆஸ்பத்திரிச் சரக்கைத் தொட்டதில்லை.

"ஐயா, நீங்களே கலந்து பாருங்க" என்றேன்.

கலந்தார். தன் கையாலேயே, எல்லாரும் பார்க்க. பத்தாவது போத்தல் அதே அளவுக்குத்தான் நிறைந்தது.

ராக்கம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். "இப்ப யாருங்கய்யா குடிச்சது?"

அவர் முகம் கறுத்தது. "துரைக்குக் கடுதாசி போயாச்சு. திருடிட்டான்னு எழுதினத எப்படி மாத்துறது? நீ கெளம்பு."

கண்ணால் பார்த்த பிறகும்! என் பெயரைவிடத் தன் கடிதம் பெரிதாகப் போய்விட்டது அந்த மனிதருக்கு. மூட்டையைக் கட்டினேன்.

ரசாயனம் படித்த ஒருவர் பிற்காலத்தில் விளக்கினார். தண்ணீரின் துகளும் ஸ்பிரிட்டின் துகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நெருங்கி உட்காருமாம். அதனால்தான் அளவு குறைகிறதாம், சூடும் வருகிறதாம். அந்தப் பிடிப்புக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயராம். பெயர் தெரிந்து என்ன செய்ய? அந்த ஆஸ்பத்திரி இன்று இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, ரப்பர் நின்ற இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. அந்தக் கடிதத்தை மட்டும் கடைசிவரை யாரும் திருத்தவில்லை.

மூட்டையோடு தோட்டத்தை விட்டு நடந்த அந்த நாளுக்கு மறுநாள் காலை ஸ்கூடாய்க்குப் பக்கத்தில் அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. பாகுக்கு ஒரு வாளி சீனியும் ஒரு வாளி தண்ணீரும் கலக்க வேண்டும். வாளியைத் தொடும் முன்பே சீன மேஸ்திரியிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டேன்: கலந்தால் இரண்டு வாளி வராது, நான் குடிக்கவில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

"மெமாங் லா!"

அது அப்படித்தானே என்று அர்த்தம். வாளியை என் கையில் கொடுத்தார்.