ஒரு பெட்டியில் ஏழு ஷூ

மூன்றாம் வகுப்பு படிக்க வேண்டிய மகளுக்கு வீட்டிலேயே பாடம் எடுக்கிறேன். இரண்டு கணக்குப் புத்தகங்கள் ஒத்துவரவில்லை. ஒரு மாதம் இணையத்தில் அலசி மூன்றாவதை வாங்கினேன். அட்டையிலேயே ‘வாழ்க்கையோடு சேர்ந்த கணக்கு’ என்று போட்டிருந்தது.

இன்று முதல் பாடம். “ஒரு பெட்டியில் 7 ஷூக்கள். 4 பெட்டிகளில் எத்தனை?”

இருபத்தெட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“நாலு பொட்டியும் ரிஜெக்ட்” என்று எழுதியிருந்தாள்.

“இன்னாடி இது?”

“ஒவ்வொரு பொட்டிலயும் ஒரு ஷூ ஒத்தையா நிக்குதும்மா. ஜோடி இல்ல.”

மதியம் சாப்பிட வந்த கணவரிடம் நோட்டை நீட்டினேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். மகளைத் திருத்துவார் என்று பார்த்தால், புத்தகத்தின் மேல் பாய்ந்தார்.

“கரெக்டாதான புடிச்சிருக்கா! ஏழு ஷூவ எவன் பேக் பண்ணான்?”

அவள் விடைக்குப் பெரிய டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்ட பிறகுதான் சோறு கேட்டார்.

நான்காவதாக வாங்க ஒரு கணக்குப் புத்தகத்தின் பெயர் சொல்லுங்கள். ஷூ, செருப்பு, பெல்ட் எதுவும் வரக்கூடாது. மாம்பழம் வரலாம். இந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது.