கூடைக்கு முன்னால் நின்ற பஸ்

தங்கபாய்க்கு வாய்தான் முதல். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் "வெள்ளரிப் பிஞ்சேய்!" என்று ஒரு இழுப்பு இழுத்தால், கடைசி பஸ்ஸின் பின்சீட்டு ஆளும் எட்டிப் பார்ப்பான். பதினெட்டு வருசம் அப்படிக் கூவி விற்றவளுக்குத் தொண்ணூற்றாறாம் வருசக் கோடையில் மூச்சு இளைக்க ஆரம்பித்தது. பாதிக் கூவலிலேயே இருமல் வந்து மறித்தது. "பஸ் புகை உனக்கு ஆகாது. வேற இடம் பாரும்மா" என்றார் டாக்டர்.

"நல்லாருக்கே கதை! புகை விடுறவன் இருப்பான், நான் போகணுமாக்கும்?" என்று விடுவிடுவென வந்துவிட்டாள்.

அந்த மாதமே அரசாங்கத்து ஆட்கள் வந்து, பஸ் நிற்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லி ஸ்டாண்டில் போர்டு மாட்டினார்கள். ஒரு அதிகாரி மைக்கில் விளக்கினார். வண்டிப் புகை வெயிலில் கிடந்து ஓசோன் என்று ஒரு வாயுவாக மாறுமாம். கண்ணுக்குத் தெரியாதாம், நெஞ்சைப் பிறாண்டுமாம். எல்லோரும் கை தட்டினார்கள். அவருடைய ஜீப் தெருமுனை தாண்டவில்லை, அந்த போர்டுக்கு அடியிலேயே கான்சாபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

தங்கபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளரிக் கூடையைத் தூக்கிப்போய் பஸ்ஸின் முன் டயரை ஒட்டி வைத்தாள்.

"ஏலே கண்ணுச்சாமி, அணைலே வண்டிய! இல்லேன்னா இது மேல ஏத்திட்டுப் போ!"

டிரைவர் கண்ணுச்சாமி இறங்கி வந்து காதோடு கெஞ்சினான். "யக்கா, மானத்த வாங்காத. பேட்டரி செத்து ஒரு மாசமாச்சு. அணைச்சா செல்ஃப் எடுக்காது. ஓனர் இன்னைக்கு நாளைக்குங்காரு. பொறவு யாரு தள்ளுவா?"

அட கொடுமையே, இதுக்குத்தானா இம்புட்டுப் புகை! அங்கே பாதி வண்டிக்கு இதே சீக்குதான். காலையில் தள்ளிக் கிளப்பினால், பிறகு ஷெட்டுக்குப் போகிறவரை அணைக்கவே மாட்டார்கள்.

"நான் தள்ளுதேன். அணை."

அணைத்தான். கிளம்பும் நேரம் வந்ததும் பஸ்ஸின் முதுகில் கை வைத்து ஒற்றை ஆளாக முக்கினாள். அவள் மூச்சிரைப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் பத்துப் பேர் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். வண்டி குலுங்கிக் கிளம்பியபோது மொத்தக் கரும்புகையும் அவள் முகத்தில்தான் அடித்தது. குனிந்து இருமித் தீர்த்துவிட்டு, "போகட்டும், அரைமணி நேரம் திங்கிற புகைக்கு இது ஒரு வாய்தானே" என்றாள்.

நாலு நாள் இப்படித் தள்ளினார்கள். ஐந்தாம் நாள் கான்சாபுரத்து ஆட்களுக்கு ரோசம் வந்தது. "டிக்கெட்டும் எடுத்துட்டு நாங்களே தள்ளணுமோ?" என்று ஓனர் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார்கள். மறுநாளே பேட்டரி வந்தது.

அன்று கண்ணுச்சாமி தானாகவே எஞ்சினை அணைத்தான். தங்கபாய் கூவினாள். இருமல் இன்னும் இருந்தது. ஆனாலும் பின்சீட்டு ஆள் எட்டிப் பார்த்தான்.

அவனுக்குப் பிஞ்சைக் கொடுத்துத் திரும்பினால், ராஜபாளையம் பஸ் வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது. தங்கபாய் கூடையைத் தூக்கிக்கொண்டு அதன் முன் டயரைப் பார்த்து நடந்தாள்.