எங்கள் வயல் பொங்கல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பொங்கல் என்றால் கடை அரிசிப் பொங்கல்தான். அறுவடை இல்லாத அறுவடைத் திருநாள். கந்தப்பளைக்கு மேலே, அந்தக் குளிரில், நெல்லை நேரில் பார்த்தவர்களே குறைவு. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறேன் என்று கிளம்பியவர் என் சித்தப்பா.

பொலன்னறுவைப் பக்கம் ஒரு போகம் வயல் வேலைக்குப் போனவர், பை நிறைய விதைநெல்லும் தலை நிறையத் திட்டமுமாகத் திரும்பி வந்தார். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குக் கீழே, ஓடையோரம், தேயிலை நிற்காத சதுப்பு ஒன்று கிடந்தது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, படிப்பை முடித்துவிட்டுப் போனும் கையுமாக இருந்த தன் கூட்டாளிகளைச் சேற்றில் இறக்கினார்.

"இது மட்டும் வெளைஞ்சிருச்சுன்னா, நம்ம பயலுக ஒருத்தனும் கொழும்புல போயி எச்சித் தட்டு கழுவ வேணாம் மதினி" என்று அம்மாவிடம் சொல்வார். அவருக்கே அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை காத்திருந்தது. பொங்கல் வரை தவணை சொல்லியிருந்தார்.

கதிர்கள் வந்தன. எல்லாம் விறைப்பாக வானத்தைப் பார்த்து நின்றன. தேயிலைக் கொழுந்து நிமிர்ந்து நின்றால் செழிப்பு என்று பழகிய சனம் நாங்கள். மலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்று மெச்சினார்கள். நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். சித்தப்பா மட்டும் தினமும் கதிரைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள்ல பாரம் ஏறும்" என்பார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, மரக்கறி ஏற்ற வந்த சிங்கள லொறிக்காரர் வயலைப் பார்த்து இறங்கி வந்தார். ஒரு கதிரை நகத்தால் நசுக்கிவிட்டு, சித்தப்பாவைத் தம்பி என்று தன் மொழியில் கூப்பிட்டார்.

"மல்லி, உள்ள ஒண்ணும் இல்ல. இந்தக் குளிருக்கு நெல்லு வராது."

முற்றிய கதிர் வளைந்து தொங்கும் என்று அவர் சொல்லித்தான் எங்கள் லயம் அறிந்தது. கூட்டாளிகள் மண்வெட்டிகளைக் கழுவி வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் மட்டும் அவர் சொன்னதை நம்பவில்லை.

பொங்கலன்று அம்மா பானையை இறக்கி, சித்தப்பாவுக்கு முதலில் பரிமாறினாள்.

"நம்ம வயலு அரிசிதான் தம்பி. பொறுக்கிக் குத்துனேன், ரெண்டு சுண்டு அளவுக்கு அரிசி தேறுச்சு."

சித்தப்பா ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு வாய் எடுத்து, "நல்லாருக்கு மதினி" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கோ எனக்குப் பெருமை தாங்கவில்லை. லொறிக்காரர் புளுகிவிட்டார் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் காலை சித்தப்பா கொழும்புக்கு பஸ் ஏறினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அரிசிதான் விளைந்துவிட்டதே, பிறகு எதற்காக இவர் போகிறார் என்று நான் அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.