லாரியை நிறுத்தியது யார்

மகளுக்குக் கோடை விடுமுறை. எனக்கும் கணவருக்கும் ஒரே ஷிஃப்ட். எட்டு வயதுப் பிள்ளையை டிவியை நம்பி விட்டுவிட்டுப் போனேன். தமிழில் பேசும் ஜப்பான் கார்ட்டூன். அதில் லீவுக்கு ஊருக்கு வந்த சிறுமி மந்திரக்கோலை நீட்டினால் எதுவானாலும் நின்றுவிடும்.

அன்று ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிர்ப்பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மகள் பூரிக்கட்டையை நீட்டியபடி கன்டெய்னர் லாரிக்கு முன்னால் வந்தாள். லாரி ஒரு முழம் தள்ளி நின்றது.

ஓங்கி அறைந்தேன். “நின்னுச்சில்லம்மா?” என்று சிரித்தாள்.

டிரைவர், “புள்ளய இப்டித்தான் ரோட்ல வுடுவியா?” என்று கத்தினார்.

“அப்பால திட்டுண்ணா! நிறுத்துனது யாருன்னு இவளுக்குச் சொல்லு!” என்று நானும் கத்தி, அவளைத் தூக்கிக் கேபினுக்குள் காட்டினேன். பிரேக்கை மிதித்த அவர் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.