பெருமாநல்லூர்க் கடையும் கடுகு எண்ணெயும்

“கார்த்திகை முதல் ஞாயிறு. கடுகு எண்ணெய், பதினோரு பேர். இல்லீங்க.”

எங்கள் பெருமாநல்லூர் மளிகைக் கடையின் ‘இல்லீங்க நோட்டில்’ அக்கா எழுதிய பதிவு இது. வந்தவர்கள் கேட்டு, நாங்கள் இல்லை என்று சொல்ல நேர்ந்த சாமான்களை அன்றைய நாளோடு குறித்துவைப்பது எங்கள் குடும்ப வழக்கம். மங்கலத்தில் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே அப்பாவும் அம்மாவும் முதல் கடையைத் திறந்தபோதே தொடங்கியது. இன்று எங்களுக்கு ஆறு கடைகள். எல்லா நோட்டுகளும் வரிசை குலையாமல் என் அலமாரியில் இருக்கின்றன.

பெருமாநல்லூர் எங்கள் நான்காவது கடை. அக்கா தனியாகப் பொறுப்பேற்ற முதல் கடையும் அதுதான். ஐந்தாறு மாதமாகியும் கூட்டம் சேரவில்லை. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். வேலை செய்பவர்களில் பாதிப்பேர் வடமாநிலத்தார். நாங்களோ மங்கலத்தில் எதை அடுக்கினோமோ அதையே இங்கும் அடுக்கியிருந்தோம்.

“தை பொறக்கட்டும் கண்ணு. அப்பவும் இப்பிடியே இருந்தா ஷட்டரை இறக்கீரலாம்” என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா நோட்டைப் புரட்டினாள். மறுநாளே மொத்த வியாபாரியிடம் கடுகு எண்ணெய்க்குச் சொல்லிவிட்டாள்.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று அப்பாவும் நானும் கடையில் இருந்தோம். ஒரு பாட்டிலைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. பிறந்ததிலிருந்து கடலையெண்ணெயும் தேங்காயெண்ணெயும் முகர்ந்த மூக்குகள் எங்களுடையவை.

“காறிப்போன சரக்கைத் தலையில கட்டிட்டானுங்க” என்றார் அப்பா.

“ஏனுங்கப்பா, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமுங்களா?” என்றாள் அக்கா.

“நாப்பது வருசமா எண்ணெய் விக்கிறவனுக்கு இன்னொருத்தன் வாசம் புடிச்சுச் சொல்லோணுமா?”

எதையும் படித்துப் பார்க்காமல் பேசாதவன் என்று பெயரெடுத்த நானும் அப்பாவுக்கே தலையாட்டினேன். பெட்டிகள் அதே வண்டியில் திரும்பிப் போயின. ‘கெட்ட சரக்கு, திருப்பப்பட்டது’ என்று நோட்டில் எழுதியது நான்தான்.

அடுத்த ஞாயிறு, பீகார்க்காரத் தையல்காரர் ஒருவர் வந்து அதே எண்ணெயைக் கேட்டார். நடந்ததை அக்கா சொன்னாள். அவர் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அக்கா, கண்ணுல தண்ணி வந்துச்சா? அப்போ நல்ல மால்! வரலேன்னாதான் டூப்ளிகேட்!”

அக்கா அங்கேயே போனை எடுத்து அதே பெட்டிகளைத் திரும்ப அனுப்பச் சொன்னாள். பிறகு நோட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டி, வேறு என்னென்ன வேண்டும் என்று எழுதச் சொன்னாள். அவர் இந்தியில் எழுதினார். அவருக்குப் பின்னால் நின்ற ஒடியாக்காரப் பெண் தன் எழுத்தில் எழுதினாள். அந்தப் பக்கங்களை என்னால் இன்றும் படிக்க முடியாது. எங்கள் குடும்ப ஆவணங்களிலேயே நான் பெருமையாக எடுத்துக் காட்டுவது அவற்றைத்தான்.

மார்கழி கடைசி ஞாயிறு அப்பா சொல்லாமல் வந்தார். கடைக்குள் நுழைய இடமில்லை. வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

“அப்பா, ஷட்டரை இறக்கீரலாமுங்களா?” என்று உள்ளிருந்து கேட்டாள் அக்கா.

“வாயி நீளந்தான் உனக்கு. அந்தப் பையை நகத்து, சனம் நடக்கட்டும்” என்றார்.

கடை நிலைத்தது. அடுத்த ஆண்டு பக்கத்துப் போர்ஷனையும் எடுத்து விரிவாக்கினோம். ஆனால் கட்டடச் சொந்தக்காரர் சொல்லும் ஒரு தகவல் இருக்கிறது: தை வரை என்று அக்காவுக்குக் கெடு வைத்த அதே வாரம், அந்தப் போர்ஷனை வேறு யாருக்கும் விடவேண்டாம் என்று அப்பா அவரிடம் சொல்லிவைத்திருந்தாராம். அப்பாவிடம் கேட்டேன். “அந்தாளுக்கு வேற சோலி இல்ல” என்றார். எழுத்தில் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. இது இன்னும் உறுதிசெய்யப்படாத செய்தி.