கொக்கி இல்லாத ஜன்னல்

விடுதி வாழ் பெருமக்களே! ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், நமது சமையலறையின் பின்பக்க ஜன்னலுக்குக் கொக்கி போடப்பட்டுவிட்டது.

போட்டவர் புதிதாக வந்த சமையல்காரர். அந்தக் கொக்கியைப் பார்த்த பிறகுதான், இத்தனை நாள் நமக்குச் சமைத்துப் போட்ட பாக்கியம் அக்கா இனி வரமாட்டார் என்பது எனக்கு உறைத்தது. போன செவ்வாய்க்கிழமை காலை வழக்கமான பஸ்ஸில் அவர் வந்து இறங்கவில்லை. மாரடைப்பு என்ற செய்திதான் வந்தது. அன்று கடையிலிருந்து வந்த இட்லியை யாரும் கிண்டல் செய்யவில்லை, நான் உட்பட.

நான் உட்பட என்பது முக்கியம். மெஸ் சாப்பாட்டைக் கிண்டல் செய்வது இங்கே என் பதவி. ஒன்பதாம் வகுப்பில், "இந்த சாம்பார்ல கப்பலே விடலாம்லே, பருப்புல தரைதட்டுமோன்னு பயமே வேண்டாம்" என்றேன். மெஸ்ஸே சிரித்தது. அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"ஏலே, அந்தக் கப்பலுக்குப் பாய்மரமா ஒன்னத்தான் நட்டு வைக்கணும். அம்புட்டு ஒல்லி."

மெஸ் இன்னும் பலமாகச் சிரித்தது.

கீரையையும் சாளை மீன் குழம்பையும் தினமும் பழித்துவிட்டு, அதையே எல்லோர் முன்னாலும் எப்படி அள்ளித் தின்பது? ரசமும் அப்பளமுமாக ஒப்பேற்றினேன். ஒருநாள் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தேன். இரத்தம் குறைவு, வயதுக்கேற்ற எடை இல்லை என்றார் டாக்டர். அடுத்த பரிசோதனைக்குள் தேறாவிட்டால் சாத்தான்குளத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார் வார்டன். ஊருக்குப் போனால் இந்தப் பள்ளியும் இல்லை, கால்பந்தும் இல்லை.

அன்று அக்கா சொன்னார்: "எலும்பு நீளுத வயசுலே இது. இப்ப விட்டுட்டுப் பொறவு தின்னா தொப்பைதான் நீளும்."

அந்த வாரம்தான் பின்பக்க ஜன்னல் திறந்து கிடப்பதைக் கண்டுபிடித்தேன். உள்ளே பலகையில் ஒரு டப்பா. அதில் கருப்பட்டி எள்ளுருண்டை, சில நாள் அவித்த முட்டையும். ஜன்னலுக்குக் கீழே வசதியாக ஒரு முக்காலி. தினமும் விளையாட்டு முடிந்ததும் கொள்ளைதான். ஆண்டு விடுமுறை முடிந்து வந்தபோது முக்காலியைக் காணோம்; நுனிக்காலில் நின்று எட்டினேன். பிறகு டப்பா மேல்பலகைக்கு ஏறியது. அதையும் எட்டினேன். அக்கா உஷாராகிவிட்டார், ஆனாலும் என்னிடம் நடக்குமா என்று உங்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பரிசோதனையில் தேறியதற்கு, கோல் கம்பத்தில் தொங்கியே வளர்ந்ததாகத் தனிக் கதை விட்டேன்.

நேற்று அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சமையலறை உதவியாளர் இசக்கி அண்ணாச்சி பின்னால் வந்தார்.

"என்னலே, கடைய சாத்திட்டாங்களா?"

"எந்தக் கடை அண்ணாச்சி?" என்றேன் அப்பாவியாக.

"நம்ம மெனுவுல எள்ளுருண்டை என்னைக்குலே இருந்துச்சு? பாக்கியம் வீட்ல உருட்டிட்டு வருவா. 'இந்தப் பய குடுத்தா திங்க மாட்டான், திருடுனாத்தான் திம்பான்'ம்பா. டப்பாவ மேல தூக்கி வச்ச அன்னைக்குக் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னா. ஒன் கை எட்டுனதும் அவ மொகத்தப் பாக்கணுமே!"

ஆகவே நண்பர்களே, மூன்று ஆண்டுகளாக நான் அளந்த கொள்ளைக் கதைகள் அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். நான் எதையும் திருடவில்லை. எனக்குப் பரிமாறப்பட்டது. அந்த முக்காலியை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி என் கட்டிலடியில் வைத்திருக்கிறேன். அதில் ஏற வேண்டிய உயரத்தில் இப்போது நான் இல்லை.

இன்று மதியம் முருங்கைக்கீரை. எல்லோரும் பார்க்க இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலும் நன்றாகத்தான் இருந்தது.