பாதம் தெரிகிற தண்ணீர்

பாசி பிடித்த குளத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ள எங்கள் அடுக்குமாடியில் எல்லாருக்கும் தெரியும். துடைப்பத்தை எடுக்கத்தான் ஆள் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதையைப் பார்த்து நிற்கும் பழைய கட்டடம் எங்களுடையது. நீச்சல் குளத்தின் மோட்டார் எரிந்துபோனதும் நிர்வாகக் குழு ஆற அமர யோசித்தது. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, தண்ணீர் பச்சையாகி, தவளை வந்து குடியேறிவிட்டது. புது மோட்டார் வந்து பூட்டிய பிறகும் குளத்தில் கை வைக்க யாரும் வரவில்லை. அப்புறம்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. குளத்தை மண் போட்டு மூடி கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடலாமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கை தூக்கி முடிவு என்று லிஃப்ட்டுக்குள் தாள் ஒட்டினார்கள்.

எனக்கு அந்தக் குளம் வேண்டும். நீந்துவதற்கு இல்லை, எனக்கு நீச்சலே தெரியாது. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது. வலக்கை மடியிலேயே கிடக்கிறது. வலக்கால் அசையும், ஆனால் அதில் உணர்ச்சி இல்லை. கால் எங்கே இருக்கிறது, தரையைத் தொட்டுவிட்டதா என்பது கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். வீட்டில் இரண்டு அடி வைப்பதற்குள் விழுந்துவிடுவோமோ என்று வியர்த்துவிடுவார். தண்ணீருக்குள் அந்தப் பயம் இல்லை. இடுப்பளவு ஆழத்தில், இடக்கையால் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து மனிதர் நடந்தார். பயிற்சி கொடுக்கும் பெண்ணும், என்ன ஆனாலும் தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள்.

குளம் பச்சையானதும் எல்லாம் நின்றுபோனது. டிவி முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கொஞ்ச நாளில் நாற்காலியிலிருந்து எழவும் என் தோள் தேவைப்பட்டது. கார் நிறுத்துமிடம் வரப்போகும் அநியாயத்தை நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விடு லா. நம்ம காருக்கும் ஒரு இடம் கிடைக்கும்" என்றார். எங்கள் காரை விற்று வருஷமாகிறது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். இனி எனக்கு எதுவும் வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். 

நேரே குழுத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பங்சாரில் ஏதோ அலுவலகத்தில் வேலை செய்கிற பையன். பையன் என்றால் நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் குளத்தைச் சுத்தமாக்கிக் காட்டுங்கள் ஆன்டி, அப்புறம் பேசலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை. பம்பு அறைச் சாவி எங்கே என்று கேட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதை நான் நிஜமாக எடுத்துக்கொண்டேன் என்பது அவருக்குச் சாவியைக் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

பொழுது சாய்ந்ததும் குளோரின் தூளை வாளியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினோம். நானும், வாசலில் காவல் இருக்கும் எங்கள் நேபாள ஜாகாவும்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு நேபாளி தெரியாது, இரண்டு பேருக்கும் அரைகுறை மலாய். நீளக் கம்பில் பிரஷைக் கட்டிக்கொண்டு சுவரையும் படிக்கட்டையும் தேய்த்ததில் என் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. மறுநாள் காலையில் பச்சை போயிருந்தது. குளம் முழுக்க அரிசி கழுவிய தண்ணீர்போல் வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். தலைவரும் எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மங்கலாக இருந்தால் என்ன ஆன்டி, குளிக்கப் போதாதா என்றார். கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்காரரைக் கீழே அழைத்து வந்தேன். அவர் படிக்கட்டின் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தார். முதல் படி தெரிந்தது, இரண்டாவது படி வெள்ளைக்குள் மறைந்துவிட்டது. "எனக்குக் கால் தெரியாதேம்மா" என்றார். கோபம் இல்லை, குறை சொல்லவில்லை, சும்மா சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் திரும்பினார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வேலை கெடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போதும் என்று எவர் சொன்னாலும் சரி, அவர் பாதம் அவர் கண்ணுக்குத் தெரிகிறவரை இந்தக் குளத்தை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆத்திரத்தில் இன்னும் குளோரின் கொட்டினேன். ஒரு பயனும் இல்லை. சுங்கை பூலோவில் குளத்து மருந்து விற்கும் கடைக்குப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. செத்த பாசி மாவுபோல் மிதக்கிறது, வடிகட்டியில் இருக்கும் மணலில் அது சிக்காது, படிகாரம் போட்டுத்தான் கீழே இறக்க வேண்டும். திருஷ்டிக்கு வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதே படிகாரம். கடைக்காரர் மூட்டையைக் காட்டியதும் இதற்காகவா இவ்வளவு அலைந்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை மாலை படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, கலக்கிவிட்டு, பம்பை நிறுத்தினோம். வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் மேல் தண்ணீர் தெளிந்து, அழுக்கு எல்லாம் அடியில் தோசை மாவு ஊற்றி வைத்ததுபோல் படிந்திருந்தது. இனி நீளக் குழாயால் அதை உறிஞ்சி நேரே சாக்கடைக்கு விட்டால் முடிந்தது. அதுவரைக்கும் தண்ணீரை அசைக்கவே கூடாது. அசைந்தால் அத்தனையும் மறுபடி எழுந்துவிடும். குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் தொடாதீர்கள் என்று எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்காரருக்குப் பசியாறக் கொடுக்க மேலே போனேன்.

திரும்பி வந்தபோது கயிற்றுக்கு உள்ளே நான்காம் மாடிப் பெண் நிற்கிறாள். கிளினிக்கில் வேலை செய்பவள். வெள்ளிக்கிழமை ஆனால் தலைக்குக் குளித்து, வீட்டிலிருந்து லிஃப்ட் வாசல்வரை மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அவள் வழக்கம். அன்று குளத்தைப் பிடித்த பீடையும் போகட்டும் என்று மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து வாளி வாளியாகக் கொண்டுவந்திருக்கிறாள். நான் பார்க்கும்போது கடைசி வாளியை இடுப்பு உயரத்திலிருந்து தடதடவென்று கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளைக் குளோரின் தின்றுவிடும், அது போகட்டும். அடியில் படிந்த அவ்வளவு அழுக்கும் புகைபோல் சுருண்டு மேலே வந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை நான் எழுதப்போவதில்லை. பக்கத்துக் கட்டடத்துச் சன்னல்கள் திறந்துகொண்டன என்று மட்டும் சொல்கிறேன். படித்தவள்தானே, கயிறு கட்டியிருப்பது கண்ணில் படவில்லையா, உன் வீட்டு வாசலா இது என்று மூச்சு விடாமல் கத்தினேன். அவள் வேப்பிலையோடு வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அண்ணன் பழையபடி இறங்கி நடக்கணும்னுதான் அக்கா ஊத்தினேன். சாமிகிட்டயும் அதுதான் கேட்டேன்" என்று அழுதாள்.

அவர் நடக்க வேண்டும் என்று என்னைத் தவிர இந்தக் கட்டடத்தில் இன்னொருத்தியும் கேட்டிருக்கிறாள். ஆனாலும் கோபம் முழுசாகத் தணியவில்லை, பொய் சொல்வானேன். அழுவதை நிறுத்திவிட்டு அந்த வேப்பிலையை ஒன்று விடாமல் பொறுக்கு என்றேன். பொறுக்கினாள். கிளினிக்கிற்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு சுங்கை பூலோவுக்கும் வந்தாள். மறுபடி படிகாரம் வாங்கி, மறுபடி கரைத்து, மறுபடி பம்பை நிறுத்தினோம்.

இந்தத் தடவை நான் அசையவில்லை. சனிக்கிழமை முழுக்கக் குடையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து காவல் இருந்தாள். பந்தோடு வந்த பிள்ளைகளை நான் பார்த்த பார்வையில் அவை வந்த வழியே திரும்பிவிட்டன. ஞாயிறு விடிந்ததும் உறிஞ்சு குழாயை இறக்கினோம். தூங்குகிற கைக்குழந்தையின் அறையில் நடப்பதுபோல் அவ்வளவு மெல்ல அதை இழுத்தோம். குறைந்த தண்ணீருக்குக் குழாயைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது, ஆழமான பக்கத்தில் அடித்தளத்து ஓட்டில் விழுந்திருந்த கீறல்கூடத் தெரிந்தது.

கூட்டம் குளத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான். வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றார். நீங்கள் இறங்க வேண்டாம், நடக்க வேண்டாம், நான் ஒரு வாரமாக யாருக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேனோ அவர் வந்து தண்ணீரை ஒரு தடவை பார்க்கட்டும், அது போதும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். படிக்கட்டின் ஓரத்தில் நின்று வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, சட்டையைக் கழற்றிவிடச் சொன்னார்.

அவரைப் படியிறக்கி, கம்பியைப் பிடிக்க வைத்துவிட்டு நான் மேலே ஏறியபோது கூட்டம் தொடங்கியிருந்தது. கார் நிறுத்துமிடம் வேண்டும் என்பவர்கள் முதலில் கை தூக்கினார்கள். கம்மி இல்லை. அடுத்து, குளம் இருக்கட்டும் என்பவர்கள் தூக்குங்கள் என்றார் தலைவர். நான் தூக்கினேன், நான்காம் மாடிக்காரி தூக்கினாள், அங்கங்கே சில கைகள் எழுந்தன. தண்ணீருக்குள் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கக்கூடிய கை அவருக்கு ஒன்றுதான், அது கம்பியைப் பிடித்திருந்தது. குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டுக் கம்பியை விட்டார். இடக்கை ஈரம் சொட்ட மேலே போனது. பிடிமானம் எதுவும் இல்லாமல் நின்றார்.

முன்வரிசையில் சும்மா இருந்த சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கை தூக்கினார்கள். பின்னால் இன்னும் சிலர். குளம் தப்பித்துவிட்டது என்பது எண்ணாமலே தெரிந்தது. தலைவர் எண்ணி முடித்து, "போதும் அங்கிள், எண்ணியாச்சு. கையை இறக்குங்க, கம்பியைப் பிடிங்க" என்றார்.

அவர் இறக்கவில்லை. கண் பாதத்திலேயே இருந்தது.

"அவசரப்படாதீங்க பாஸ்" என்றார். "இன்னொரு தடவை எண்ணுங்க. நான் நிக்கிறேன்."